தோலின் அடியில் தங்கும் நிறம்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை தாலுகாவில் அமைந்துள்ளது செங்கல் என்னும் ஊர். அதனை அடுத்துள்ளது பாறசாலை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை; அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களாகிய விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கும் சென்னை இராச்சியத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்டது நிலத்தில்தான். மக்களின் பேச்சிலும் பழக்கவழக்கங்களிலும் அன்று. இருபுறத்தாரும் ஒரே பெயரால் வழங்கும் வழக்கங்கள் பல இன்றும் உள. அவற்றுள் ஒன்று பச்சை குத்துதல். மலையாளத்தார் அதனைப் 'பச்சகுத்து' என்பர்.

இச்சொல்லிலேயே ஒரு விஞ்ஞான வினா அடங்கியிருக்கிறது. பச்சை குத்துவதற்குப் பயன்பட்ட மை விளக்குக் கரியால் ஆனது; கரியோ கருநிறமுடையது. கரிய மையைத் தோலிற் செலுத்த, அது பசுமையாகத் தோன்றுவானேன்? இவ்வினாவிற்கு விடை காண்போர், இன்று கடைத்தெரு அழகு நிலையங்களில் 'அரைநிரந்தர ஒப்பனை' என்ற பெயரில் புருவத்திற்கும் இதழுக்கும் நிறமூட்டும் முறையின் நன்மை தீமைகளையும் எளிதில் உணரலாம். ஏனெனில் பெயர் புதிதாயினும் செயல் பழையதே.

பழைய கலை

உடலின்மேல் கோலம் எழுதுதல் தமிழர்க்குப் பழைய வழக்கம். சங்க நூல்கள் கூறும் தொய்யில் என்பது மகளிரின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதப்பட்ட கோலம். அது நீராடினால் அழிவது. பச்சையோ அழியாதது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். மஞ்சள் தூளையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் வார்த்த அகலில் ஏற்றுவர். சுடரின்மேல் புதிய மண்சட்டியைக் கவிழ்க்க, அதன் உட்புறத்தில் கரி படியும். அக்கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகும். நான்கைந்து தையலூசிகளை நூலாற் சேர்த்துக் கட்டியதே கருவி. குத்தி முடிந்தபின் புண்ணின்மேல் மஞ்சளைத் தேய்ப்பர். சிறுமியர் வலியை மறக்கும்பொருட்டுப் பாட்டுப் பாடுவதும் உண்டு.

இந்நாளில் இக்கலை பெரிதும் அருகிவிட்டது. எனினும் முன்கையில் கோலம் தாங்கிய மூதாட்டியரைத் தமிழகக் கிராமங்களில் இன்றும் காணலாம். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட அக்கோலங்களின் விளிம்பு சற்றே கலங்கியிருப்பினும், உருவம் மறைவதில்லை. அஃது ஏன் என்பதை அடுத்து ஆராய்வோம்.

நிறம் தங்குவது எங்ஙனம்?

நம் தோல் முக்கியமாக இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே உள்ளது மேல்தோல். உடலின் பல பகுதிகளில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. கண்ணிமையில் இன்னும் குறைவு. இதன் அடிப்புறத்தில் புதிய உயிரணுக்கள் தோன்றி, மேலேறி, உலர்ந்து உதிர்கின்றன. ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. மருதாணியின் செந்நிறம் இரண்டு மூன்று வாரங்களில் மங்கி மறைவதற்குக் காரணம் இதுவே. மருதாணியிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் மேல்தோலின் மேற்படையிலுள்ள கெராட்டின் என்ற புரதத்துடன் பிணைகிறது. அப்படை உதிரும்போது நிறமும் உடன் உதிர்கிறது.

மேல்தோலின் கீழுள்ளது உள்தோல். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நார்ப்பொருளும் இங்கே உள்ளன. இவ்வடுக்கு உதிர்வதில்லை. பச்சை குத்தும் ஊசி மேல்தோலைத் துளைத்து, மையை உள்தோலில் இறக்குகிறது. அந்நியப் பொருள் புகுந்ததும் உடலின் காவலர்களாகிய விழுங்கணுக்கள் அவ்விடத்திற்கு விரைந்து வந்து நிறத்துகள்களை விழுங்குகின்றன. நோய்க்கிருமியாயின் அவை செரித்துவிடும். கரித்துகளைச் செரிக்க அவற்றால் இயலாது. ஆதலின் துகளை வயிற்றில் வைத்துக்கொண்டு அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றன.

அவ்வணுக்கள் இறந்தால் நிறம் போய்விடாதோ எனலாம். இவ்வையத்தைப் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் 2018இல் தீர்த்து வைத்தனர். பச்சை குத்தப்பட்ட எலிகளின் தோலிலிருந்த விழுங்கணுக்களை அவர்கள் மருந்தால் அழித்தனர். ஆயினும் பச்சை சிறிதும் மங்கவில்லை. இறந்த அணு உமிழ்ந்த துகளைப் புதிதாக வந்த அணு மீண்டும் விழுங்கிக்கொண்டது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சுமையைக் கைமாற்றுவது போன்றதே இது. துகள்களில் ஒரு பகுதி நிணநீர் வழியே நகர்ந்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளிலும் சேர்கிறது. 2017இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஆற்றல்மிக்க எக்ஸ்-கதிர் நிலையத்தின் துணையால் இத்தகைய நுண்துகள்களை மனித நிணநீர் முடிச்சுகளிற் கண்டறிந்தனர். எனவே தோலில் இட்ட நிறம் தோலோடு நின்றுவிடுவதில்லை என்பது தெளிவு.

கரி பச்சையாவது ஏன்?

முன் எழுப்பிய வினாவிற்கு இப்போது வருவோம். வெள்ளொளி தோலிற் புகும்போது அதன் நீலக் கூறு மேற்பகுதியிலேயே பெரிதும் சிதறித் திரும்பிவிடுகிறது. செந்நிறக் கூறு ஆழமாகச் சென்று கரியால் உறிஞ்சப்படுகிறது. திரும்பி நம் கண்ணை அடையும் ஒளியில் நீலம் மிகுவதால், ஆழத்திலுள்ள கருமை நீலமாகவும், தோலின் இயற்கைச் சாயலோடு கூடிப் பசுமையாகவும் தோற்றமளிக்கிறது. மணிக்கட்டில் ஓடும் இரத்தக் குழாயைப் 'பச்சை நரம்பு' என்று கூறுகிறோம். அதனுள் ஓடுவது கருஞ்சிவப்பான இரத்தமே. இரண்டும் ஒரே ஒளியியல் விளைவு. ஆசிரியர்கள் வகுப்பில் வேறு கருவி ஏதுமின்றி மாணவர் மணிக்கட்டைக் காட்டியே இதனை விளக்கலாம்.

இவ்வுண்மை இன்றைய ஒப்பனைக்கும் நேரே பொருந்துவது. கரிக்கலப்புள்ள மையால் வரைந்த புருவம் நாட்பட நீலச்சாம்பல் நிறமாக மாறுவதைப் பலர் கண்டு வருந்துகின்றனர். மை ஆழமாக இறங்கியிருப்பின் இம்மாற்றம் மிகுதி. பல நிறமிகளைக் கலந்து பழுப்பு நிறம் உண்டாக்கப்பட்டிருப்பின், கலவையின் ஒரு பகுதி விரைந்து மங்கி, எஞ்சிய செம்மை புருவத்தில் தனித்து நிற்பதும் உண்டு.

புதிய ஒப்பனை

எடிசன் 1876இல் உரிமை பெற்ற மின்பேனாவின் அமைப்பைத் தழுவி, நியூயார்க் நகரத்து சாமுவேல் ஓ'ரைலி 1891இல் பச்சை குத்தும் மின்கருவிக்கு உரிமை பெற்றார். 1984இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒருவர் இமையோரத்தில் நிலையான கோடு இடும் முறையை மருத்துவ இதழில் விவரித்தார். கை நடுக்கத்தாலோ பார்வைக் குறைவாலோ தாமே மை தீட்டிக்கொள்ள இயலாதவர்க்கும் இத்தகைய முறை உதவக்கூடும். பின்னர் இஃது அழகுத் தொழிலாகப் பரவியது. இந்நாளில் பெரிதும் பேசப்படும் மைக்ரோபிளேடிங் என்னும் முறையில் மின்கருவி இல்லை. நுண்ணிய ஊசிகள் வரிசையாகப் பொருத்தப்பெற்ற கைப்பிடியால் புருவ மயிர் போன்ற கீற்றுகளைத் தோலிற் கீறி நிறமேற்றுகின்றனர். குறவர் பெண்களின் ஊசிக்கட்டு புதிய பெயருடன் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

இதனை 'அரைநிரந்தரம்' என்பது ஏன்? நிறமி உள்தோலின் மேற்பகுதியில் மட்டும், குறைந்த அளவில் இடப்படுவதால் ஓரிரு ஆண்டுகளில், சிலர்க்கு மூன்றாண்டுகளில், மங்குகிறது. மங்குதல் வேறு, மறைதல் வேறு. நிறம் முற்றும் நீங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. தோலின் தன்மை, வெயில், மையின் கலவை, ஊசியின் ஆழம் ஆகியவற்றுக்கேற்ப அது பல்லாண்டு நிற்றலும் கூடும். 'சில மாதங்களில் போய்விடும்' என்ற சொல்லை நம்பி மணநாளுக்கு முன்னர்ப் புருவம் தீட்டிக்கொள்ள விரும்பும் பெண், இவ்வொரு செய்தியையேனும் முன்னதாக அறிந்திருத்தல் வேண்டும்.

அழிக்கும் முறையிலும் ஒரு வியப்புண்டு. கரிய பச்சையை லேசர் ஒளித்துடிப்புகளால் சிறு துகள்களாக உடைத்து, பல அமர்வுகளில் படிப்படியாகக் குறைக்கலாம். ஆனால் இதழுக்கும் புருவத்திற்கும் பயன்படும் சிவப்பு, பழுப்பு, வெண்மை நிறமிகளில் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருப்பது வழக்கம். லேசர் பட்டவுடன் செந்நிற இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கரிய ஆக்சைடாக மாறக்கூடும். இதழின் செம்மையை நீக்கச் சென்றவர் கருமையுடன் திரும்ப நேரிடலாம். எனவே தேர்ந்த தோல் மருத்துவர் முதலில் சிறு புள்ளியளவு இடத்தில் மட்டும் லேசரைச் செலுத்திப் பார்த்த பின்னரே தொடர்வார். எரிகாரங்களையும் அமிலங்களையும் கொண்டு பச்சையை அழிக்க முயல்வது தழும்பையே தரும்.

மையும் ஊசியும்

தீங்கு இரு வழிகளில் வரலாம். ஒன்று மையின் பொருளால், மற்றொன்று ஊசியின் அசுத்தத்தால்.

மையினால் அரிப்பு, தடிப்பு, நாட்பட்ட கட்டி ஆகியன தோன்றலாம். அமெரிக்க நாட்டில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் குறிப்பிட்ட சில நிலையொப்பனை மைகளைப் பற்றி 150க்கு மேற்பட்ட முறையீடுகள் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகத்திற்கு வந்தன; அம்மைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளிலும் நிலையொப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குத் தடையோ அளவோ விதித்துள்ளது. இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம் அழகுப்பொருளுக்குத் தரும் இலக்கணத்தில், உடலின்மேல் பூசப்படுவனவற்றோடு உடலினுள் செலுத்தப்படுவனவும் சேர்ந்துள்ளன. பச்சை மைகளிற் பல உலோகங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவற்றுக்குத் தெளிவான தர அளவு வேண்டும் என்ற கருத்தைக் கருநாடக மாநிலச் சுகாதாரத் துறை 2025இல் முன்வைத்தது.

ஊசி தூயதாயினும் மை தூயதன்றேல் பயனில்லை. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு நாட்பட்ட தோற்புண் கண்டது. காரணம் நீரிலும் மண்ணிலும் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம். தொழிற்சாலையில் நீர் சேர்த்துக் கலந்து அனுப்பிய சாம்பல்நிற மையிலேயே அஃது இருந்தது. மையைக் குழாய் நீரால் நீர்க்கச் செய்தல் கூடாது என்பதற்கு இது போதிய சான்று.

ஊசியின் வழியே பரவக்கூடியவற்றுள் தலையாயது பி வகை கல்லீரல் அழற்சி. இதன் கிருமி உலர்ந்த இரத்தத் துளியில், உடலுக்கு வெளியே, ஏழு நாள்கள் வரையேனும் நோய்த்திறன் குன்றாது இருக்கவல்லது. நோய்க்குறி தோன்ற ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். ஆதலின் நோயுற்றவர் தம் நோயை அந்த ஊசியுடன் தொடர்புபடுத்தி நினைப்பதே அரிது. சி வகை கல்லீரல் அழற்சியும் எச்.ஐ.வி. கிருமியும் இரத்தத்தின் வழியே பரவுவனவே. ஊசியைச் சாராயத்தால் துடைப்பதும் வெந்நீரில் அலசுவதும் போதா. வெறுங்கொதிநீர் எல்லாக் கிருமி வித்துக்களையும் அழிப்பதில்லை. அழுத்த நீராவிக் கலத்தில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 பாகை செல்சியசு வெப்பத்தில் உரிய நேரம் வைத்தலே தூய்மை தருவது. சமையலறைப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே ஆதலின் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஆயினும் ஊசியைப் பொறுத்தவரை சிறந்த விதி ஒன்றே: ஒருவருக்கு ஒருமுறை, பின்னர் அழித்துவிடுக.

அழிப்பதிலும் கவனம் வேண்டும். கேரள ஊராட்சிகளில் வீடு வீடாகச் சென்று கழிவுப் பொருள்களைச் சேகரிப்போர் ஹரித கர்ம சேனைப் பெண்கள். எல்லைக்கு அப்பால் தூய்மைக் காவலர்கள் அப்பணியைச் செய்கின்றனர். அழகு நிலையத்தின் குப்பைப் பையில் எறியப்பட்ட ஊசி குத்துவது அவர்கள் விரல்களையே. புருவம் தீட்டிக்கொண்டவர் விலை கொடுத்து அழகு பெற்றார். யாதொரு பயனும் பெறாதவர் நோய்க்கு ஆளாதல் நீதியன்று. துளைபடாத கலத்தில் இட்டு மூடி, உரிய மருத்துவக் கழிவு வழியில் அனுப்புதல் தொழில் செய்வோரின் கடமை.

மருத்துவத்தில் இதன் பயன்

இக்கலையைத் தீங்கெனவே ஒதுக்குதலும் தகாது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கதிர் விழும்பொருட்டு, நோயாளியின் தோலில் ஊசிமுனையளவு கரிய புள்ளிகளை இடும் வழக்கம் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு, மீளமைத்த மார்பில் முலைக்காம்பின் வட்டத்தை நிறமூட்டி அமைத்தல் இன்னொரு பயன். பல மாதங்கள் நோயோடு போராடியவர்க்கு அந்நிறவட்டம் வெறும் அழகன்று. இழந்த உடலை மீண்டும் தமதாக ஏற்க அது துணைசெய்கிறது.

வெண்படை என்னும் நிறமிழப்பு நோயிலும், மருந்துக்கு எளிதில் இணங்காத இதழ், விரல்நுனி போன்ற இடங்களில் தோல் மருத்துவர்கள் இம்முறையைக் கையாளுகின்றனர். இந்நோயைச் சிலர் 'வெண்குட்டம்' எனப் பிழைபட அழைப்பதால் எத்தனையோ பெண்களின் திருமணம் தடைப்படுகிறது. குழந்தைகள் பள்ளியில் தனித்து அமர்த்தப்படுகின்றனர். வெண்படை தொற்றுநோயன்று, தொழுநோயோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. இவ்வுண்மையை ஓர் ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை உறுதிபடச் சொல்வது, ஊசியும் மையும் செய்ய இயலாத சிகிச்சையாகும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: நோய் பரவிக்கொண்டிருக்கும் நிலையில் தோலைக் குத்தினால், குத்திய இடத்திலேயே புதிய வெண்படை தோன்றக்கூடும். நோய் நிலைபெற்றுவிட்டது என்று மருத்துவர் கூறிய பின்னரே இதனை மேற்கொள்ளல் வேண்டும்.

களப்பணியில் கூறத்தக்கவை

அறிவுரை கேட்டு வருவோரிடம் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி அனுப்புதல் பயன் தராது. புதிய ஊசியின் உறையைத் தம் கண்முன் பிரிக்கச் செய்யவும், முத்திரையிட்ட மைக்குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்து வைக்கவும், கையுறை மாற்றப்படுகிறதா என நோக்கவும் அவர்கட்குக் கற்பிக்கலாம். தழும்பு தடித்து வளரும் இயல்பினர், கட்டுப்படாத நீரிழிவு உடையோர், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர், கருவுற்றோர் ஆகியோர் இதனைத் தவிர்த்தல் நலம். இதழோரக் கொப்புளம் அடிக்கடி வருவோர்க்கு இதழில் நிறமூட்டினால் அது மீண்டும் கிளர்ந்தெழலாம். காந்த அதிர்வுப் படம் எடுக்கச் செல்வோர் தமக்குள்ள நிலையொப்பனையை முன்னரே கூறிவிடவேண்டும். அரிதாகச் சிலர்க்கு அவ்விடம் வீங்கி எரிவதுண்டு. எனினும் அதனை அஞ்சிப் படம் எடுப்பதையே கைவிடலாகாது. பச்சை குத்திக்கொண்டோர் ஓராண்டு காலம் குருதிக்கொடை செய்யாதிருப்பதும் கடமை.

பிறர்க்குப் பயன்பட்ட ஊசி தம்மீது பட்டுவிட்டதென ஐயுறுவோர் நாணத்தால் வாளாவிருத்தல் கூடாது. பி வகை கல்லீரல் அழற்சிக்கான தடுப்பூசியை இயன்றவரை 24 மணி நேரத்திற்குள்ளும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்குதல் வேண்டும். செங்கல் முதலிய எல்லையூர் மக்களுக்குப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் அண்மையிலேயே உள்ளன. பி வகைத் தடுப்பூசி 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதற்கு முன் பிறந்து ஊசி போடாத பெரியோர் பலர் உளர் என்பதைப் பணியாளர் நினைவிற் கொள்ளல் நன்று.

பாட்டிமார் கையிலுள்ள கோலத்தைக் கண்டு நகைக்கும் பேத்தி, தன் புருவத்தில் அதுபோன்றே நிறத்தை ஏற்றிக்கொள்ள விழைகிறாள். பாட்டிக்குத் தன் தோலினுள் நிகழ்வது யாதெனக் கூறுவார் அன்று எவரும் இலர். பேத்திக்கு எடுத்துக்கூற இன்று ஆசிரியர் இருக்கிறார். சுகாதாரப் பணியாளர் இருக்கிறார். முகம் அவளுடையது, முடிவும் அவளுடையதே. அம்முடிவை அவள் அறிந்து செய்யுமாறு துணைநிற்றல் நம் பணியாகும்.